அமெரிக்க வரியை வாக்காட்டுக் குட்டையில் கட்டியவர்கள்

எனக்குச் சொந்த ஊர் ஆரம்பாக்கம். தமிழ்நாட்டு எல்லையோரம், தாண்டினால் தடா, சூளூர்பேட்டை. ஆனால் இறால் வளர்ப்பதெல்லாம் ஆந்திரப் பக்கத்தில், நாயுடுபேட்டை தாண்டி வாக்காட்டுப் பக்கம். நானும் என் மச்சானும் குத்தகைக்கு எடுத்த மூன்று குட்டைகள். 2025-இல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மேல் போட்ட வரியைப் பற்றி டிவியில் நிறையப் பேர் பேசினார்கள். குட்டைக் கரையில் அது எப்படி வந்து இறங்கியது, அதற்கு நாங்கள் என்ன செய்தோம் என்று யாரும் பேசியதாகத் தெரியவில்லை. ஏற்றுமதியை நம்பி எதையாவது வளர்க்கிறவர்கள் இதைப் படித்தால் கொஞ்சம் உதவும்.

முதலில் ஒரு விஷயம். நாங்கள் வளர்ப்பது வன்னாமி இறால். இது நம் கடல் இறாலே இல்லை, அமெரிக்கக் கண்டத்துப் பசிபிக் கரையோர இனம். 2009-இல்தான் இங்கே வளர்க்க அனுமதி வந்தது. தாய் இறால் பெரும்பாலும் ஹவாய், புளோரிடா பண்ணைகளில் இருந்து விமானத்தில் சென்னைக்கு வருகிறது. நீலாங்கரையில் உள்ள அரசுத் தனிமைப்படுத்தும் நிலையத்தில் நோய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் குஞ்சுப் பொரிப்பகங்களுக்குக் கொடுப்பார்கள். அங்கே பொரித்த குஞ்சு எங்கள் குட்டைக்கு வரும். வளர்ந்ததும் ஏற்றுமதிக் கம்பெனியில் தோல் உரித்து, உறைய வைத்து, கண்டெய்னரில் ஏற்றி, பெரும்பங்கு அமெரிக்காவுக்கே போகும். 2024-25-இல் இந்தியாவின் கடல் உணவு ஏற்றுமதி சுமார் 62,400 கோடி ரூபாய். அதில் பெரிய பங்கு இறால், இறாலில் பெரிய வாடிக்கை அமெரிக்கா. இப்படிக் கொண்டும் கொடுத்தும் பழகின இரண்டு நாடுகளுக்கு இடையில் வந்த சண்டை இது. முறைத்துக்கொண்ட இரண்டு எதிரிகளின் சண்டை என்று நினைத்தால் பாதிதான் புரியும். சம்பந்தி சண்டை மாதிரி: உறவை முறிக்கவும் முடியாது, விட்டுக்கொடுக்கவும் மனசு வராது, நடுவில் வீட்டுப் பிள்ளைகள் பாடு திண்டாட்டம்.

ஏப்ரல் 2-ஆம் தேதி அமெரிக்க அதிபர் டிரம்ப் நாடு வாரியாக வரிப் பட்டியலை அறிவித்தார். இந்தியாவுக்கு 26 சதவீதம். நமக்கு அப்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. விடிந்ததும், எங்கள் இறாலைக் கம்பெனிக்கு வாங்கிக் கொடுக்கிற ஏஜென்ட் அண்ணன் போன் செய்தார். அவர் தெலுங்குக்காரர், எங்களோடு இரண்டும் கலந்துதான் பேசுவார். "ரேட்டு படிப்போயிந்தி (விலை விழுந்துவிட்டது) அண்ணா. இன்னைக்கு இதுதான் ரேட். நாளைக்கு எவ்வளவுன்னு கம்பெனிக்கே தெரியாது."

வரி அமலுக்கு வரவேண்டிய தேதி ஏப்ரல் 9. விலை இறங்கியதோ 3-ஆம் தேதியே. அமெரிக்கச் சுங்கத்தில் ஒரு டாலர் கூட இன்னும் யாரும் கட்டவில்லை. கிலோவுக்கு முப்பது நாற்பது ரூபாய் எங்கள் கரையில் காணாமல் போய்விட்டது; பெரிய இறாலுக்கு இன்னும் அதிகம். அந்த வாரத்திலேயே ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு, அமெரிக்காவிடம் இறாலுக்கு விலக்கு கேட்டுப் பேசச் சொல்லி மத்திய வர்த்தக அமைச்சர் பியூஷ் கோயலுக்குக் கடிதம் எழுதினார். 9-ஆம் தேதி வந்ததும் அமெரிக்கா, சீனாவைத் தவிர மற்ற எல்லாருக்கும் 90 நாள் தள்ளி வைத்து, பொதுவான 10 சதவீதத்தை மட்டும் வைத்துக்கொண்டது. சரி, விலை பழையபடி ஏறியிருக்க வேண்டுமே? ஏறியது. இறங்கினது ஒரே காலையில், ஏறினது வாரக்கணக்கில்.

அதற்கும் ஒரு காரணம் உண்டு. வரி யார் கட்டுகிறார்கள் என்று கேட்டால், வாங்குகிற நாட்டுக்காரன் என்று ஒருவர் சொல்வார், விற்கிற நாட்டுக்காரன் என்று இன்னொருவர் சொல்வார். நான் பார்த்தவரை, யாரால் காத்திருக்க முடியவில்லையோ அவர்தான் கட்டுகிறார். அமெரிக்காவில் வாங்குகிற மொத்த வியாபாரியின் குளிர்கிடங்கில் சரக்கு இருக்கும், இரண்டு மாதம் பொறுப்பார். இங்கே கம்பெனிக்கும் குளிர்கிடங்கு உண்டு, வங்கிக் கடன் வட்டி ஓடினாலும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். குட்டையில் இருக்கிற இறால் பொறுக்காது. தினமும் தீவனம் தின்னும். பெரிதாக ஆக ஆக்சிஜன் அதிகம் கேட்கும், ராத்திரி முழுக்கத் தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் சுற்ற வேண்டும். வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் சில நாளிலேயே மொத்தமும் போய்விடும். "விலை ஏறட்டும், அப்புறம் பிடிக்கலாம்" என்று இருக்க எங்களுக்கு வழி கிடையாது. இது ஏஜென்டுக்குத் தெரியும், கம்பெனிக்கும் தெரியும், கடல் தாண்டி இருக்கிறவருக்கும் தெரியும்.

எங்களுக்கும் கீழே ஒருவர் இருக்கிறார். கம்பெனியில் தோல் உரிக்கிற பெண்கள். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இருந்தும் வேனில் போவார்கள். சரக்கு குறைந்தால் வேன் வராது, அவ்வளவுதான். எங்கள் தெரு அக்கா ஒருவர் கேட்டார்: "வரி போட்டது அமெரிக்காக்காரன், எங்க வேனை ஏன்பா நிறுத்தினான்?" நான் மேலே எழுதியதைத்தான் அவருக்கும் சொன்னேன். ஏற்றுக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

கம்பெனிகள் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனாலும் அவர்கள் பக்கத்துக் கணக்கையும் சொல்லவேண்டும். அமெரிக்காவுக்கு இறால் விற்கிற பலர், அங்கே வாசலில் இறக்கிக் கொடுக்கும்வரை எல்லாச் செலவும் தங்களுடையது, சுங்க வரியும் சேர்த்து, என்று ஒப்பந்தம் போட்டு விற்கிறார்கள். சுங்கத்தின் பார்வையில் இறக்குமதியாளரே இந்தக் கம்பெனிதான். ஒரு கண்டெய்னரில் 1,50,000 டாலர் சரக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 சதவீதம் என்றால் வரி 15,000 டாலர். 50 சதவீதம் என்றால் 75,000. விலை பேசினபோது ஒரு வரி, கப்பல் போய்ச் சேரும்போது இன்னொரு வரி. காட்டுப்பள்ளியிலோ சென்னையிலோ ஏற்றின சரக்கு அமெரிக்கக் கிழக்குக் கரைக்குப் போய்ச் சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அந்த இடைவெளியில் ஓர் அறிவிப்பு வந்தால், லாபம் மொத்தமும் கடலிலேயே போய்விடும். அதனால்தான் வரும் வரியை முன்கூட்டியே கணக்கில் போட்டு எங்கள் விலையை இறக்குகிறார்கள்.

போதாததற்குப் பழைய வரிகள் வேறு. விலை குறைத்துத் தள்ளுகிறார்கள் என்று சொல்லி 2005-இல் நம் இறால் மேல் அமெரிக்கா போட்ட பொருள்குவிப்புத் தடுப்பு வரி இருபது வருஷமாக நிற்கிறது. அதில் ஒரு விநோதம்: இப்போது கட்டுவது முன்பணம் மாதிரி. பிறகு ஆண்டு மறு ஆய்வு செய்து உண்மையான விகிதம் இது என்று சொல்வார்கள், அதன்படி திரும்பவும் கொடுக்கலாம், மேலும் கேட்கலாம். 2024 கடைசியில், அரசு மானியம் கொடுக்கிறது என்று சொல்லி இன்னொரு ஈட்டு வரியும் சேர்ந்தது, பெரும்பாலான கம்பெனிகளுக்கு 5.77 சதவீதம். புதிது வந்து பழையதன் தலைமேல் உட்கார்ந்தது.

ஜூலை வரை ஓரளவு நல்ல விலை போனது. கெடு முடிவதற்குள் சரக்கை அனுப்பிவிட எல்லாரும் அவசரப்பட்டார்கள். அந்த விலையைப் பார்த்துச் சிலர் குட்டை முழுக்கக் குஞ்சை அள்ளிப் போட்டார்கள். ஆகஸ்ட் 7 முதல் 25 சதவீதம் அமலானது. முந்தின நாளே, ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குவதற்காக இன்னொரு 25 என்று உத்தரவு. அது 27-ஆம் தேதி முதல். ஆகமொத்தம் 50. பழைய வரிகளையும் கூட்டினால் இறாலுக்கு 58 சதவீதம் அளவுக்குப் போனது. ரஷ்ய எண்ணெய்க்கும் வாக்காட்டு இறாலுக்கும் என்ன சம்பந்தம் என்று மச்சான் கேட்டான். சம்பந்தம் ஒன்றுமில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. நட்பு நாடுகளுக்குள் ஒரு விஷயத்தில் மனத்தாங்கல் வந்தால், எதிரில் கிடைக்கிற இன்னொரு பொருளின் மேல் அடி விழும்.

அந்த உத்தரவிலேயே ஒரு விதிவிலக்கு இருந்தது. 27-க்கு முன்பே கப்பலில் ஏற்றி, செப்டம்பர் 17-க்குள் அங்கே சுங்கம் முடித்த சரக்குக்குக் கூடுதல் 25 கிடையாது. எங்கள் கரையில் இதை யாரும் படிக்கவில்லை. ஏஜென்டுகள் எல்லாச் சரக்குக்கும் ஒரே பேச்சு பேசினார்கள். ஆகஸ்ட் நடுவில் பிடித்த இறாலுக்கு உண்மையில் அந்த விலக்கு உதவியிருக்காது, கப்பல் நாள் போதாது. ஆனால் ஜூலைக் கடைசியிலேயே பிடித்துக் கப்பலேற்றின சரக்குக்கும் 50 சதவீதத்தைக் காட்டிப் பாக்கியில் கழித்தது ஒரு கம்பெனி. பிடித்த தேதியையும் எடைச் சீட்டையும் வைத்திருந்த ஒரு விவசாயி சண்டை போட்டு மீதியை வாங்கினார். அறிவிப்பு வந்த தேதி வேறு, அமலுக்கு வரும் தேதி வேறு, யாருக்குப் பொருந்தும் என்பது வேறு. மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். செய்தித்தாளில் முதல் தேதி மட்டும்தான் பெரிய எழுத்தில் இருக்கும்.

நம் வரிச் சதவீதத்தைப் பார்த்துப் பயப்படுவதைவிட, போட்டிக்கு நிற்கிற நாட்டின் சதவீதத்தைப் பாருங்கள். எல்லாருக்கும் 50 என்றால் அமெரிக்காக்காரன் கூடக் கொடுத்துச் சாப்பிடுவான், இல்லை குறைவாகச் சாப்பிடுவான். 2025-இல் நமக்கு 50 இருந்தபோது ஈக்வடாருக்கு 15, இந்தோனேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் 19, வியட்நாமுக்கு 20. ஈக்வடார் அமெரிக்காவுக்குப் பக்கத்தில் வேறு இருக்கிறது. தோல் உரித்துச் சுத்தம் செய்த இறாலில் நம் கை ஓங்கியிருந்ததற்குக் காரணம் அந்தப் பெண்களின் வேலைதான். அதையும் ஈக்வடார் கற்றுக்கொண்டால் வரி எடுத்த பிறகும் அந்த இடம் நமக்குத் திரும்பக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

ஒருமுறை போட்ட வரி எடுக்கப்படுமா என்பது எப்போதும் கேள்விதான். 1960-களின் தொடக்கத்தில் ஒரு கோழிச் சண்டை நடந்தது. மேற்கு ஜெர்மனி, பிரான்ஸ் எல்லாம் சேர்ந்த ஐரோப்பியக் கூட்டமைப்பு, மலிவாக வந்து குவிந்த அமெரிக்கக் கோழிக்கு வரியை ஏற்றியது. ரஷ்யாவுக்கு எதிராக ஒரே அணியில் நின்ற நாடுகள் இவை. பதிலுக்கு 1963 டிசம்பரில் அமெரிக்க அதிபர் ஜான்சன் பிராந்திக்கும், உருளைக்கிழங்கு மாவுக்கும், சிறிய டிரக்குகளுக்கும் 25 சதவீத வரி போட்டார். மற்றதெல்லாம் காலப்போக்கில் போயின, டிரக் வரி போகவில்லை. அதன் நிழலில் வளர்ந்த கார் கம்பெனிகள் அதை விடச் சம்மதிக்கவில்லை. 2018-இல் கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்த எஃகுக்கு 25 சதவீதம் போட்டபோது சொன்ன காரணம் தேசப் பாதுகாப்பு! ஐரோப்பா பதிலுக்கு விஸ்கிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் போட்டது. 2025-இல் கனடாவின் ஒன்டாரியோவில் அரசுக் கடைகளில் அமெரிக்க மதுவையே அலமாரியில் இருந்து எடுத்துவிட்டார்கள். நாமும் சும்மா இருந்ததில்லை. அந்த எஃகு வரிக்குப் பதிலாக அறிவித்துத் தள்ளிவைத்திருந்த கூடுதல் வரியை, 2019-இல் அமெரிக்கா நமக்குக் கொடுத்திருந்த வரிச் சலுகையை எடுத்ததும், அவர்கள் ஆப்பிள், பாதாம், வால்நட் மேல் போட்டோம். அதை எடுக்க 2023 ஆனது.

அமெரிக்காவில் இருப்பவர்களையும் ஒரேயடியாகத் திட்ட எனக்கு மனசில்லை. லூசியானா, டெக்சாஸ் பக்கம் படகில் போய் இறால் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நாட்டில் தின்கிற இறாலில் 90 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. டீசல் போட்டுக் கடலுக்குப் போகிறவனுக்குக் குட்டையில் வளர்த்ததன் விலை கட்டுப்படியாகாது. இந்த வரியை அவர்கள் வரவேற்றார்கள். பழவேற்காட்டு மீனவரும் அவர்கள் இடத்தில் இருந்தால் அதைத்தான் செய்வார்.

எங்கள் பக்கத்திலேயே ஒன்று நடந்தது. 2025 ஜூனில் சித்தூர் மாவட்ட நிர்வாகம், கர்நாடகாவிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் கிளிமூக்கு மாங்காய் உள்ளே வரக் கூடாது என்று தடுத்தது. சித்தூரில் மாங்கூழ் ஆலைகள் நிறைய. எல்லைக்கு இந்தப் பக்கம் காய்க்கிற மாங்காயும் காலங்காலமாக அந்த ஆலைகளை நம்பித்தான் இருக்கிறது. அந்த வருஷம் விளைச்சல் அதிகம், முந்தின வருஷத்துக் கூழே விற்காமல் கிடந்தது, உள்ளூர் விவசாயிக்கு விலை இல்லை. முதலில் நம்ம ஆளைப் பார்ப்போம் என்று கதவைச் சாத்தினார்கள். கர்நாடக முதல்வர் சித்தராமையா ஆந்திர முதல்வருக்குக் கடிதம் எழுதினார். ஏப்ரலில் அமெரிக்காவிடம் பேசச் சொல்லிக் கடிதம் எழுதிய அதே மாநிலத்துக்கு, ஜூனில் மாங்காய்க்காகக் கடிதம் வந்தது. ஒரே நாடு, சுங்கமே கிடையாது, இருந்தும் இப்படி. தன் விவசாயி தெருவில் காயைக் கொட்டும்போது எந்த அரசுக்கும் பக்கத்து வீட்டு உறவு இரண்டாவதுதான். இதைக் கணக்கில் வைக்காமல் தொழில் செய்ய முடியாது.

சரி, நாங்கள் என்ன மாற்றினோம்?

பெரிய இறாலுக்கு ஆசைப்படுவதை விட்டோம். முன்பெல்லாம் கிலோவுக்கு எண்பது நிற்கும்போது கொஞ்சம் பிடித்துவிட்டு, மீதியை முப்பது கவுண்ட் வரை, அதாவது கிலோவுக்கு முப்பது நிற்கும் அளவு வரை, கொண்டுபோவோம். பெரியதற்குத்தான் அமெரிக்காவில் மதிப்பு. வரி வந்த பிறகு பெரியதற்கும் சின்னதற்கும் விலை வித்தியாசம் சுருங்கிவிட்டது. கடைசி ஒரு மாதத் தீவனம், மின்சாரம், நோய் பயம், இதற்கெல்லாம் அந்த வித்தியாசம் காணாது. இப்போது அறுபது, எழுபதிலேயே பெரும்பகுதியைப் பிடித்துவிடுகிறோம். குஞ்சையும் நெருக்கிப் போடுவதில்லை. மகசூல் குறையும், தெரிந்துதான் செய்கிறோம். விலை இறங்கும் நாளில் இன்னும் பத்து நாள் தாங்குகிற குட்டையும் வேண்டும். நெருக்கிப் போட்ட குட்டைக்கு அந்தப் பத்து நாள் கிடையாது.

தீவனக் கடன் இன்னொரு விஷயம். டீலரிடம் கடனுக்கு எடுத்தால் மூட்டை விலை கூட, அதோடு எந்த ஏஜென்டுக்கு விற்க வேண்டும் என்பதையும் அவர்தான் சொல்வார். பாதித் தீவனமாவது ரொக்கத்தில் எடுத்தால்தான் வேறு ஏஜென்டைக் கூப்பிட்டு விலை கேட்க வாய் வரும். நான் இப்போது ஏஜென்டைக் கேட்கிற முதல் கேள்வி விலை இல்லை: உங்கள் கம்பெனி எந்த நாட்டுக்கு அனுப்புகிறது? சீனாவுக்கு, ஜப்பானுக்கு, ஐரோப்பாவுக்கு அனுப்புகிறவன் அமெரிக்க வரியைக் காட்டி விலை இறக்கினால் மறுத்துப் பேசலாம். எல்லாரும் மொத்தமாக இறக்கும்போது இதுவும் பெரிதாக எடுபடாது, ஆனாலும் கிலோவுக்கு ஐந்து பத்து கிடைத்திருக்கிறது.

ஐரோப்பா என்றால் காகிதம் வேண்டும். 2025 செப்டம்பரில் மேலும் 102 இந்திய ஆலைகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் அனுமதி கொடுத்தது. அதே வருஷம் ஜூலையில் பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த ஒப்பந்தப்படி அங்கே இறாலுக்கு வரி இருக்காது. ஆனால் அங்கே ஆன்டிபயாட்டிக் சோதனை கடுமை. குஞ்சு வாங்கின ரசீது, தீவனக் கட்டு எண், குட்டையில் போட்ட மருந்து, கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பண்ணை பதிவு, எல்லாம் கையில் இருந்தால்தான் அந்தக் கம்பெனி உங்கள் இறாலைத் தொடும். மச்சான் ஒரு நீள நோட்டுப் போட்டு எழுதுகிறான். முதலில் கிண்டல் செய்த பக்கத்துக் குட்டைக்காரர் இப்போது அதன் நகலைக் கேட்டு வாங்கிப் போனார்.

குத்தகையில்தான் அதிகம் பேரம் பேச வேண்டியிருந்தது. வருஷக் குத்தகையை முன்பணமாகக் கொடுப்பது இங்கே வழக்கம். விலை விழுந்தாலும் ஓனருக்கு நஷ்டம் இல்லை. நாங்கள் ஒவ்வொரு பிடிப்புக்கும் பிறகு தருகிறோம் என்று கேட்டோம். முதலில் முடியாது என்றார். சுற்றிலும் குட்டைகள் காய்ந்து கிடந்ததைப் பார்த்த பிறகு, பாதி முன்பணம், மீதி பிடிப்புக்குப் பின் என்று இறங்கி வந்தார். இப்படிக் கேட்பதற்கு விலை விழுந்திருக்கும் நேரம்தான் சரியான நேரம். விலை ஏறின பிறகு கேட்டால் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்.

மூன்றாவது குட்டையில் இப்போது கொடுவா மீன் விட்டிருக்கிறோம். முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் பொரிப்பகத்துக் குஞ்சு. சென்னையிலேயே விற்கலாம், எந்த நாட்டு உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டாம். ஆனால் சுலபம் என்று நினைக்காதீர்கள். கொடுவா ஒன்றையொன்று தின்னும், ஆரம்ப மாதங்களில் அடிக்கடி வலை போட்டு அளவு பிரிக்க வேண்டும். விற்கிற அளவுக்கு வளர இறாலைப் போல இரண்டு மடங்குக்கு மேல் காலம் எடுக்கும், அதுவரை பணம் முடங்கும். அதனால் மூன்றிலும் விடவில்லை, ஒன்றில் மட்டும்தான்.